புயல் ஓய்ந்த ஞாயிறு, மான்டரே பிரேக்வாட்டரில் இறங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்டு இப்போது கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்கிறார். மான்டரே பிரேக்வாட்டரில் இதுவரை பதினொரு முறை இறங்கியிருக்கிறார், கடைசியாக அக்டோபரில். இந்த வாரம் செவ்வாயும் புதனும் அடித்த காற்றும் மழையும் வியாழன் காலையோடு ஓய்ந்துவிட்டன, ஞாயிறு நல்ல வெயிலாம். "தெரிந்த இடம்தானே, நானும் நண்பனும் மட்டும் மெட்ரிடியம் வரை போய்வரலாமா?"

போங்கள். ஆனால் இறங்குவதா வேண்டாமா என்பதைக் கரையில் நின்று முடிவு செய்யுங்கள், சன்னிவேலில் உட்கார்ந்து செய்யாதீர்கள். மெட்ரிடியம் என்கிற கடல் சாமந்திகள் இருக்கிற அந்த ஆழமான இடம் மட்டும் இந்த ஞாயிறு வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரேக்வாட்டர் என்று நாம் சொல்வது கேனரி ரோ தெருவின் தென்கோடியில் இருக்கிற சான் கார்லோஸ் கடற்கரையும் அதை ஒட்டி நீளும் அலைதடுப்புச் சுவரும். வடக்குக் கலிஃபோர்னியாவில் டைவிங் கற்றவர்களில் பெரும்பாலோர் முதலில் நனைந்தது இங்கேதான். படிக்கட்டு, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு, சனி ஞாயிறுகளில் திருவிழாக் கூட்டம். நாலைந்து தடவை இறங்கிவிட்டால் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி ஆகிவிடும். வலது பக்கம் சுவர், அதன் முனையில் குரைத்துக்கொண்டே கிடக்கும் கடற்சிங்கங்கள், இடது பக்கம் மணல்வெளி, சுமார் 30 அடி ஆழத்தில் ஆரம்பிக்கும் அந்தப் பழைய குழாய், குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் 50 அடி வாக்கில் மெட்ரிடியம் என்கிற வெள்ளைக் கடல் சாமந்திகளின் கூட்டம். கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்பார்கள். புயலுக்குப் பிறகு நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு போகிற மாதிரித்தான் இருக்கும், அப்போது அந்தப் பழக்கம் பாதிக்கு மேல் கைகொடுக்காது.

முதலில் அலை. வானம் தெளிந்தால் கடல் தெளிந்துவிட்டது என்று நினைப்பது வெயில் கடலில் டைவ் செய்து பழகிய எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது. நமக்கு மழை கொடுத்த புயல் கிழக்கே நகர்ந்து போய்விட்டாலும், அது பசிபிக்கின் நடுவில் இருந்தபோது கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட நிதானமாக வந்து சேரும். கடல் நிலவரம் காட்டும் ஆப்பைத் திறந்தவுடன் எல்லோரும் அலையின் உயரத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வினாடிக் கணக்கைப் பாருங்கள். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை வினாடி என்பதுதான் அது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வருவதை ஒன்றரையால் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட மீட்டரில் கிடைத்துவிடும். 8 வினாடி என்றால் 100 மீட்டர், 16 வினாடி என்றால் 400 மீட்டர். அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் இறங்கும் என்பதால், 8 வினாடி அலை 50 மீட்டர் ஆழத்திலேயே ஓய்ந்துவிடுகிறது, 16 வினாடி அலை 200 மீட்டர் வரை தொடுகிறது. நாம் போவதோ 12, 15 மீட்டர்.

இதை உடம்பு எப்படி உணரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 அடி ஆழத்தில் தரையை ஒட்டி மிதக்கிறீர்கள், மேலே 3 அடி உயர அலை. அது 8 வினாடி அலையானால் உங்களை முன்னும் பின்னும் மூன்று அடிக்குள் ஆட்டும். அதே 3 அடி உயரம், 16 வினாடி என்றால் ஆறு அடிக்கு மேல் இழுத்துக்கொண்டு போய், ஒரு கணம் நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்து விடும். கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அலைதான், சொல்லப்போனால் பின்னதுதான் அமைதியாகத் தெரியும். இந்த ஆட்டத்தைத்தான் டைவர்கள் சர்ஜ் என்கிறார்கள். மான்டரேயில் தெளிவைக் கெடுப்பதும், வயிற்றைப் புரட்டுவதும், டாங்கில் இருக்கிற காற்றை வேகமாகக் காலி செய்வதும் இதுதான்.

எங்கே பார்ப்பது? வெளிக்கடலில் 46042 என்ற எண் கொண்ட, அலையை அளக்கிற மிதவை, வளைகுடாவுக்குள் கப்ரியோ முனைக்கு அருகில் 46240. வெளியே என்ன வருகிறது என்று முதலாவது சொல்லும், அதில் எவ்வளவு உள்ளே நுழைகிறது என்று இரண்டாவது சொல்லும். வெளியே 10 அடி, உள்ளே 2 அடி என்றால் தீபகற்பம் நமக்குக் குடை பிடிக்கிறது என்று அர்த்தம். திசையையும் சேர்த்துப் பாருங்கள். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற அலையை பாயிண்ட் பினோஸ் முனையும் அதன் பின்னால் இருக்கிற நிலமும் பெரும்பாலும் மறைத்துவிடும். வடமேற்கு அலை, அதுவும் நீண்ட வினாடி அலை, முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வந்துவிடும். வடக்கிலிருந்து நேராக வந்தாலோ பிரேக்வாட்டருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இந்த வாரம் அடித்தது தென்காற்று, அதனால் ஞாயிறு காலை கரை குளம் மாதிரி கிடந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படிக் கிடந்தாலும் தண்ணீர் மோர் நிறத்தில் இருக்க வாய்ப்பு நிறைய.

கலங்கலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சன்ன மணல் துகள் 40 அடி கீழே படிய அரை மணி நேரம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டல் துகளுக்கு அதே தூரம் இரண்டு நாளுக்கு மேல், அதுவும் அசையாத தண்ணீரில். கடல் எப்போது அசையாமல் இருந்தது? நடுவில் ஒரு நீண்ட அலைக்கூட்டம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே "புயல் போய் மூன்று நாள் ஆகிவிட்டதே" என்பது ஒரு கணக்கே இல்லை, ஆட்டம் அடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

அப்புறம் மழைத் தண்ணீர். ஊரின் தெருக்களில் கிடந்ததெல்லாம் மழைநீர் வாய்க்கால் வழியாகக் கடலுக்கு வருகிறது, சாக்கடை எண்ணெய் நாய்ப்பீ எல்லாம் சேர்த்துத்தான். நல்ல மழைக்குப் பிறகு 72 மணி நேரம் கடலில் இறங்காதீர்கள் என்று கலிஃபோர்னியாவில் சுகாதாரத் துறையினர் சொல்வது வெறும் பேச்சில்லை. ஒருமுறை நாற்பது மணி நேரத்தில் இறங்கி, பத்து நாள் காது வீங்கி, ஒரு பக்கம் சாப்பாட்டை மெல்ல முடியாமல் கிடந்திருக்கிறேன். (பூனைக் கழிவில் இருக்கிற டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இதே மாதிரி மழைநீரோடு கடலுக்குப் போய் அங்கே இருக்கிற கடல் நீர்நாய்களைக் கொல்கிறது. ஊருக்குள் பூனை வளர்ப்பதற்கும் கடலுக்குள் நீர்நாய் சாவதற்கும் முடிச்சு உண்டு என்று யார் நினைப்பார்கள்.) உங்கள் கணக்கில் வியாழன் காலை ஓய்ந்த மழைக்கு ஞாயிறு காலையோடு 72 மணி நேரம் முடிகிறது, ஆக அது பரவாயில்லை.

இப்போது என் கதை, இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் உங்களுக்கு ஏறாது. 2023 ஜனவரி முதல் இரண்டு வாரம் புயல் மேல் புயல், கபிடோலா ஊரின் மரப்பாலத்தை அலை நடுவில் உடைத்துப்போட்ட சமயம். மாதக் கடைசியில் வானம் தெளிந்ததும் நானும் ஒரு நண்பரும் பிரேக்வாட்டருக்குப் போனோம். எனக்கு அது எண்பதாவது முறைக்கு மேல் இருக்கும். மேலே தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இறங்கினோம், குழாய் இல்லை. குளிர்காலப் புயல் கரை மணலை இழுத்துக்கொண்டு போய்ச் சற்று ஆழத்தில் கொட்டும், கோடையில் சின்ன அலைகள் அதைத் திரும்பக் கொண்டுவரும். இது பள்ளிக்கூடத்துப் பாடம், ஆனால் என் குழாயின் மேல் அதைக் கொட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று தேடினேன். ஐந்தடி தெளிவு, அதுவும் ஆட்டம் வரும்போது மூன்றடி. திரும்பிப் பார்த்தால் நண்பர் இல்லை.

ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் மேலே ஏறு என்று முதல் பாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். நான் மூன்று நிமிடம் தேடினேன், தெரிந்த இடம் என்கிற திமிர். மேலே வந்தால் அவர் அறுபதடி தள்ளி எனக்காகக் காத்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய் மிதக்கிறார். சரி, கரைக்குப் போவோம் என்று மேற்பரப்பிலேயே நீந்தினோம். புயல் பிடுங்கிப் போட்ட கெல்ப் என்கிற நீளமான கடற்பாசி எல்லாம் கரையோரத்தில் மெத்தை மாதிரி ஒதுங்கி, மணலும் தண்ணீருமாகக் கொழகொழவென்று கிடந்தது. அதற்குள் காலில் மாட்டிய ஃபின் துடுப்போடு நடக்கவும் முடியாது, நீந்தவும் முடியாது. படிக்கட்டுக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு அலை பின்னாலிருந்து தட்டியது, குப்புற விழுந்தேன், டாங்கிலிருந்து மூச்சுக் காற்று தருகிற ரெகுலேட்டரை அதற்கு முன்பே வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். அது மணலில் புரண்டு, துகள் உள்ளே சிக்கி, நிற்காமல் காற்றைக் கக்க ஆரம்பித்தது. நாற்பது நிமிடத் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போய் இடுப்புக் கொக்கியைக் கழற்ற வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி வந்து கழற்றிவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் நான் பட்ட பாடு ஆழத்தில் இன்றுவரை பட்டதில்லை.

கெல்ப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அக்டோபரில் நீங்கள் பார்த்தபோது மேலே கூரை போட்டு நின்றிருக்கும். இப்போது கூரை போயிருக்கும், சில செடிகள் வேர்ப்பிடியோடு, பிடித்திருந்த கல்லையும் சேர்த்துப் பெயர்ந்திருக்கும். இது வருடா வருடம் நடப்பதுதான், வசந்தத்தில் நாளுக்கு ஓர் அடி வாக்கில் வளர்ந்து மறுபடி மேலே வந்துவிடும். வந்துவிடும் என்று முன்பு உறுதியாகச் சொல்வோம். 2013 தொடங்கி நட்சத்திர மீன்களுக்கு வந்த அழுகல் நோய், கடல் முள்ளெலிகளைத் தின்கிற பெரிய சூரியகாந்தி நட்சத்திர மீனை இந்தப் பக்கத்திலிருந்தே துடைத்துவிட்டது. அதோடு 2014 முதல் 2016 வரை கடல் சூடேறிக் கிடந்தது. முள்ளெலிகள் பெருகி, மான்டரே கரையில் பல இடங்களில் கெல்ப் காடு இருந்த இடம் ஊதா முள் படர்ந்த பொட்டலாகிவிட்டது. அதனால் புயல் பிடுங்கியதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் வயிறு கொஞ்சம் கலங்கும். உங்களுக்கு வேண்டிய நடைமுறை விஷயம் இது: "அந்தப் பெரிய கெல்ப் கொத்தில் திரும்பு" என்ற மாதிரி அடையாளங்கள் எதையும் நம்பாதீர்கள். மிதக்கிற கெல்ப் உடம்பில் சுற்றினால் இழுக்காதீர்கள், இழுப்பைத் தாங்கத்தான் அது பிறந்திருக்கிறது. வெண்டைக்காய்க் காம்பை முறிக்கிற மாதிரி மடக்கினால் பட்டென்று ஒடியும்.

குளிருக்கு அதிகம் பயப்பட வேண்டாம். புயல் வந்ததால் தண்ணீர் பெரிதாகக் குளிர்ந்துவிடாது, குளிர்காலத்தில் 53, 54 ஃபாரன்ஹீட், அதாவது 12 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் இருக்கும். உண்மையில் இங்கே நடுங்கவைப்பது ஏப்ரல், மே. வெயில் பளீரென்று அடிக்கும், வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து 9, 10 டிகிரித் தண்ணீரை மேலே கொண்டுவரும். உங்கள் 7 மில்லிமீட்டர் வெட் சூட், தலைமூடி, கையுறை போதும். ஆனால் புயலுக்குப் பிந்தைய டைவில் ஆட்டத்தோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்குவதால் சூடு சீக்கிரம் போகும், கரையில் ஈர உடையில் நிற்கும்போது காற்று மீதியையும் எடுத்துக்கொள்ளும். இரண்டு கேலன் வெந்நீரைத் துண்டு சுற்றிய கேனில் கொண்டுபோய், இறங்குமுன் கையுறைக்குள்ளும் கழுத்து வழியாகவும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள், இங்கே பழையவர்கள் எல்லோரும் செய்வது. ஃபிளாஸ்கில் மிளகு ரசம் எடுத்துப்போவது என் சொந்தச் சேர்க்கை.

சரி, ஞாயிறு என்ன செய்வது. காலை ஏழரைக்குப் போய்விடுங்கள், சாமானை இறக்காமல் படிக்கட்டின் மேலே இருபது, முப்பது நிமிடம் சும்மா நில்லுங்கள். நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் பத்து நிமிடம் கூட ஒன்றுமே வராமல் இருக்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பவர்கள்தான் ஃபின் மாட்டும்போது சிக்குவார்கள். படிக்கட்டின் அடியில் மணல் இருக்கிறதா, இல்லை அரித்துப்போய்க் கல்லும் பள்ளமுமாக இருக்கிறதா என்று பாருங்கள். கெல்ப் மெத்தை எங்கே ஒதுங்கியிருக்கிறது, எங்கே இடைவெளி என்று பாருங்கள், வெளியே வரப்போவது அந்த இடைவெளி வழியாகத்தான். ஈரத் தலையோடு யாராவது ஏறி வந்தால் தெளிவு எப்படி என்று கேளுங்கள், அவர் சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கினால் சுவரை ஒட்டிப் போங்கள், மணல்வெளிக்கு வேண்டாம். போகும்போது சுவர் வலக்கைப் பக்கம், வரும்போது இடக்கைப் பக்கம், இதைவிட எளிய வழிகாட்டி உலகத்தில் இல்லை. ஆட்டம் பாறையில் மோதவிடாமல் பத்துப் பதினைந்தடி தள்ளி, ஆனால் சுவர் கண்ணில் படும்படி. கண்ணில் படவில்லை என்றால் அதுவே திரும்ப வேண்டிய தெளிவு. 30 அடியைத் தாண்ட அவசியமில்லை. கரைக்கான கோணத்தைத் தண்ணீரில் இறங்குமுன்பே திசைகாட்டியில் வைத்துவிடுங்கள். நண்பரோடு கையைப் பிடித்துக்கொண்டு போவதற்கு வெட்கப்படாதீர்கள், ஆறடித் தெளிவில் அதுதான் முறை. டாங்கின் காற்றழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. என்றால் 2000-த்தில் திரும்புங்கள், கரையோரத்தில் காற்று மிச்சமிருந்தால்தான் கடைசிப் பத்தடியில் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டே ஊர்ந்து வர முடியும். ஊர்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை. ரெகுலேட்டர், மாஸ்க் இரண்டும் மணல் காலில் தட்டி, அலை பின்னால் போன பிறகுதான் முகத்தை விட்டு இறங்க வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டேன், ஆனால் புயலுக்குப் பிந்தைய டைவ் எனக்குப் பிடிக்கும். பெயர்ந்து விழுந்த கெல்ப் வேர்ப்பிடி ஒன்று கண்ணில் பட்டால் பத்து நிமிடம் அதன் பக்கத்திலேயே இருங்கள். உள்ளங்கை அகலத்தில் எத்தனை குடித்தனம், பாம்பு நட்சத்திரங்கள், சின்ன நண்டுகள், புழுக்கள், எல்லாம் வீடு உருண்டுவிட்டதை இன்னும் நம்பாத மாதிரி அங்கேயே இருக்கும். அதைத் தின்னச் சுற்றிலும் மீன். ஒருமுறை கல் இடுக்கில் இருந்த பேய்க்கணவாய் ஒன்று, வாசலில் குவிந்த மணலை நீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், புயல் கழிந்த மறுநாள் நம் வீட்டு முற்றத்தைக் கூட்டுகிற மாதிரியே. எதையும் எடுத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள், அந்தப் பகுதி 2007 முதல் கடல் உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸ் பெயரில் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி.

கரையில் நின்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மொனாஸ்டரி கடற்கரையைப் பார்ப்போம்" என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. பருக்கை மணல், செங்குத்துச் சரிவு, நல்ல நாளிலேயே பல உயிர்களை வாங்கிய இடம். அதற்குப் பதில் கேனரி ரோவின் மறுகோடிக்கு நடந்து போய் மீன் காட்சியகத்தின் கெல்ப் காட்டுத் தொட்டி முன்னால் உட்காருங்கள். 28 அடி உயரம், 1984-இல் காட்சியகம் திறந்ததிலிருந்து இருக்கிறது. அதில் தண்ணீரை ஆட்டுவதற்கென்றே ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், ஆட்டம் இல்லாவிட்டால் கெல்ப் பிழைக்காது. வெளியே நம்மைத் திருப்பி அனுப்பிய அதே ஆட்டம்.

இறங்கினீர்களோ விழுந்து புரண்டீர்களோ, வீட்டுக்குப் போனதும் ரெகுலேட்டரையும், காற்றடைத்து மிதக்க உதவும் பி.சி.டி. மேலுடுப்பின் காற்று நிரப்பும் பொத்தானையும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். பொத்தானை அழுத்தி அழுத்திவிட்டு நன்றாக அலசுங்கள், நெறநெறவென்று சத்தம் கேட்டால் கடையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணல் துகள் சிக்கிப் பொத்தான் உள்ளேயே நின்றுவிட்டால், அடுத்த டைவில் அது தானாகக் காற்று நிரப்பி உங்களை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.